அச்சாரம் வாங்கும் முன்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டிலும் விருத்தாசலம் கடைவீதியிலும், இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களிலும் பழைய கடை, மண்டி, ரைஸ்மில், லாட்ஜ், தியேட்டர் கட்டடம் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும், நாளை அதைப் பாகமாகப் பெறப்போகும் பிள்ளைகளுக்கும்,



உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். உங்கள் அப்பா வாங்கிய கிரயத்தை நான் எழுதியிருப்பேன். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட பாகப்பத்திரத்தையும் நான் எழுதியிருப்பேன். கண் மங்கிவிட்டதால் இப்போது எழுதுவதில்லை. ஆனால் எழுதிய ஒரு பத்திரம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அது ஒரு முந்திரி மண்டி. ஊர் பெயர் வேண்டாம், குடும்பத்தின் பெயரும் வேண்டாம். தெருவைப் பார்த்து எட்டுத் தேக்குத் தூண். தூணுக்கு மேல் மாடி வராந்தா, மரக் கிராதி. நெற்றியில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய வருஷமும், இரண்டு பக்கமும் யானையோடு ஒரு லட்சுமியும். கடைக்குக் கதவு கிடையாது. ஒன்று, இரண்டு என்று எண் எழுதிய பலகைகள்தாம். காலையில் அவற்றை ஒவ்வொன்றாக உருவி அடுக்கும் சத்தத்தில்தான் அந்தத் தெருவே எழுந்திருக்கும். உள்ளே தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இடித்துப் போட்ட தளம். சித்திரை வெயிலில் உள்ளே போனால் சட்டை உடம்பில் ஒட்டாது. மின்சாரம் வந்த காலத்தில் போட்ட மரச் சட்டம், அதன் மேல் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. விருத்தாசலத்துச் சூளைகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் பீங்கானைக் கண்டால் என் கண் தானாக நிற்கும். அங்கேயும் நின்றது.

அந்த மண்டியை நான் பத்திரத்தில் எப்படி எழுதினேன் தெரியுமா? நான்கு எல்லையும் அளவும் எழுதி, “மேற்படி மனையும் அதிலடங்கிய ஓட்டுக் கட்டடமும், மின் இணைப்பு, டெபாசிட் உள்பட” என்று முடித்தேன். எட்டுத் தூணுக்கு எழுத்து இல்லை. லட்சுமிக்கு எழுத்து இல்லை. இணைப்புப் படிவத்தில் கட்டடத்தின் வயதைக் கேட்பார்கள். வயது கூடக் கூடக் கட்டடத்தின் மதிப்பு தேய்ந்துகொண்டே போகும், அதுதான் கணக்கு. அந்தக் கணக்குப்படி அந்த மண்டிக்கு மதிப்பே இல்லை, மனைக்குத்தான் விலை. பதிவு முடிந்து கொஞ்ச நாளில் பொக்லைன் வந்தது. தூண்களை ஒரு லாரி ஏற்றிப் போனது. இன்று அந்த இடத்தில் கண்ணாடியும் பளபளத் தகடும் ஒட்டிய மூன்று மாடி நிற்கிறது. பகலிலேயே உள்ளே விளக்குப் போட வேண்டும், ஏசி ஓட வேண்டும்.

விற்றவர் பேரில் குற்றம் சொல்லவில்லை. கடன் இருந்தது, மகள் கல்யாணம் இருந்தது. வாங்கியவர் பேரிலும் இல்லை. வாங்கினது மனை என்றுதான் அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு கட்டடத்தின் கதையில் அது கைமாறும் அந்தச் சில வாரங்கள்தாம் அபாயமான காலம். காக்கக்கூடிய காலமும் அதுவே. அதற்கு முன்னால் யாரும் இடிக்க நினைப்பதில்லை. அதற்குப் பின்னால் யாருக்கும் தடுக்க உரிமை இல்லை.

சென்னையில் அண்ணா சாலை வழியே போனவர்கள் ஒரு பெரிய சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி தன் கம்பெனிக்காகக் கட்டியது. 1897இல் கட்டி முடித்தார்கள், வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். அன்றைக்கு அதற்கு கார்டைல் பில்டிங் என்று பெயர். கோபுரங்களும் வளைவுகளும் மாடங்களுமாக, ஒரு மருந்துக் கடைக்கு இத்தனை அழகு எதற்கு என்று கேட்க வைக்கும் கட்டடம். பிறகு ஸ்மித் கம்பெனியை ஸ்பென்சர் எடுத்துக்கொண்டது. 1934இல் கட்டடத்தை லாகூரில் தொடங்கிய பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி வாங்கியது. 1956இல் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டபோது அது எல்.ஐ.சி.யின் சொத்தாயிற்று. இப்படிக் கைமாறிய ஒவ்வொரு தடவையும் உள்ளே நடந்த வியாபாரம் மாறியது, கட்டடம் மாறவில்லை. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் என்ற பண்பாட்டு மரபு அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. 2010இல் தீர்ப்பு வந்தது: இடிக்கக் கூடாது, பாதுகாக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பு நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு. முன்பு நீதிபதி பத்மநாபன் தலைமையிலான குழு சென்னைக்கு ஒரு பட்டியல் தயாரித்திருந்தது. விளம்பரத் தட்டி வைக்கக் கூடாத மரபுக் கட்டடங்களின் பட்டியல். நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதில் இருந்தன, இதுவும் இருந்தது. தட்டிக்காகப் போட்ட பட்டியல் கடைசியில் கடப்பாரையைத் தடுத்தது. அதாவது யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து கட்டடத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாள் இருந்ததால் வழக்குக்குக் கால் கிடைத்தது. நான் எழுதிய பத்திரத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான்.

ஆனால் தீர்ப்புக்கு அப்புறமும் அந்தக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் கூரை பெயர்ந்து, செடி முளைத்துப் பாழாகவே நின்றது. நீதிமன்றத்தால் கடப்பாரையை நிறுத்த முடியும். கட்டடத்துக்குள் ஒரு வாடகைதாரரைக் கொண்டுவந்து உட்கார்த்தி, மழைக்கு முன் தளத்தைப் பார்க்கச் சொல்ல அதனால் முடியாது. அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் ஹிக்கின்பாதம்ஸ் இருக்கிறது. 1844இல் தொடங்கிய கடை, 1904இல் கட்டிய கட்டடம். முதலாளிகள் மாறியிருக்கிறார்கள், இன்றைக்கு அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கையில் இருக்கிறது. ஆனால் வெள்ளைச் சுவரும் உயரமான கூரையுமாக இன்னும் அங்கே புத்தகம் விற்கிறார்கள். இரண்டு கட்டடத்தையும் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது: வியாபாரம் நடக்கிற கட்டடம் பிழைக்கிறது. அதனால் விற்பனையைத் தடுப்பது காப்பாற்றும் வழி ஆகாது. யாருக்கு விற்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மதுரைக்காரர்களைக் கேட்டால் தங்கம் தியேட்டரைச் சொல்வார்கள். 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்தது, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே பெருமைப்பட்டது. இன்று அது இல்லை, அந்த இடத்தில் ஜவுளிக்கடை. ஒரு நகரமே உட்கார்ந்து அழுது சிரித்த கூடத்துக்கே அந்த நிலை என்றால், நம் ஊர் மண்டிக்கு யார் பேசுவார்?

வெளிநாட்டில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அது நாள் கணக்கில் நடந்த கதை. லண்டனுக்கு மேற்கே பிரென்ட்ஃபோர்டில் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனியின் தொழிற்சாலை 1928இல் எழுந்தது. நீண்ட வெள்ளை முகப்பு, எகிப்தியச் சாயல் தூண்கள். 1979இல் கம்பெனி மூடியது. இடத்தை டிரஃபால்கர் ஹவுஸ் என்ற நிறுவனம் வாங்கியது. அரசு அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப் போகிறது என்று செய்தி வந்தது. 1980 ஆகஸ்டில் நீண்ட வார விடுமுறை. விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தால் கையெழுத்து. அந்த விடுமுறைக்குள்ளேயே முகப்பை இடித்துவிட்டார்கள். ஜனங்களுக்கு வந்த கோபத்தில் அந்தக் காலத்துக் கட்டடங்கள் பல அவசரமாகப் பட்டியலுக்குப் போயின. அவற்றில் ஒன்று ஹூவர் தொழிற்சாலை. பிறகு அதை டெஸ்கோ வாங்கி, முகப்பைத் தொடாமல் பின்பக்கத்தில் பல்சரக்குக் கடை கட்டி 1992இல் திறந்தது. வெள்ளை முகப்பும் நிற்கிறது, வியாபாரமும் நடக்கிறது. முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் கட்டுவது முடியாத காரியம் என்று நம் ஊர் பில்டர் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நம் ஜனங்கள் நிறையப் பேர் போய்வரும் சிங்கப்பூரில், செராங்கூன் ரோட்டுப் பக்கத்துப் பழைய இரட்டைமாடிக் கடைகளை 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். இன்று அந்த நாட்டில் அப்படி 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள். கடை கைமாறலாம், நகைக்கடை சாப்பாட்டுக் கடை ஆகலாம். பாதுகாப்பு கட்டடத்தோடு போகும். வாங்குபவருக்கு முதல் நாளே தெரியும், அதற்கேற்ற விலை கொடுப்பார். மும்பையில் 1995இலேயே விதி வந்தது. அங்கே மரபுக் கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பவருக்கு, அவர் கட்டாமல் விட்ட பரப்பை வேறிடத்தில் கட்டும் உரிமையாக விற்க வழி இருக்கிறது. உரிமையாளர் நஷ்டப்படக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2012இல் மரபு ஆணையச் சட்டம் இயற்றினார்கள். அதற்கு முன்னால் நமக்கு இருந்தவை கோயிலையும் கோட்டையையும் மனதில் வைத்து எழுதிய சட்டங்கள். மத்தியச் சட்டம் குறைந்தது நூறு வயதையாவது கேட்கும். 1930இல் கட்டிய மளிகைக்கடை அந்த வாசலில் நிற்கவே முடியாது.

சட்டம் குறுக்கு ரோடு வரை வந்து சேரும்வரை நம் கட்டடங்கள் காத்திருக்காது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலை நம் ஊரைத் தொட்டதிலிருந்து மனை விலையை விசாரிக்கும் தரகர்கள் வாரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஆகவே தொழில் தெரிந்தவன் என்ற முறையில், கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பான நம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். “இடிக்கக் கூடாது என்று பத்திரத்தில் ஒரு வரி போட்டுவிடலாமே ஐயா” என்று சிலர் கேட்கிறார்கள். போடலாம், நிற்காது. சொத்து மாற்றச் சட்டம் 1882, பிரிவு 11: முழு உரிமையையும் விற்றுவிட்டு, இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டால், வாங்கினவர் அந்தக் கட்டுப்பாடே இல்லாதது போல அனுபவிக்கலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. விற்பவர் பக்கத்திலேயே வேறொரு சொத்தைத் தனக்கென்று வைத்திருந்து, அதன் நல்ல அனுபவத்துக்காகப் போட்ட கட்டுப்பாடு என்றால் அது செல்லும். நம் கடைவீதிகளில் இது பெரிய விஷயம். இரண்டு கடைக்கும் ஒரே பொதுச்சுவர், ஒரே வராந்தா, ஒரே ஓட்டுச் சரிவு. இரண்டும் ஒருவருக்கே சொந்தம், ஒன்றை விற்கிறார், மற்றதைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறார். வைத்துக்கொண்ட கடையின் நிழலுக்கும் மழைத்தடுப்புக்கும் அந்த வராந்தா வேண்டும் என்று காரணத்தோடு எழுதினால், அந்த வரிக்கு உயிர் உண்டு. வாங்கினவரிடமிருந்து அடுத்து வாங்குபவரும் அதைத் தெரிந்துதான் வாங்கினார் என்று காட்ட முடிந்தால், அவரையும் அது தொடரும் என்று பிரிவு 40 சொல்கிறது. பொருத்தமான குடும்பங்கள் ஒரு வக்கீலை உட்கார வைத்து எழுதுங்கள்.

அடுத்தது, விற்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி. பணத்துக்காக விற்கிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது ஒரு மொத்தத் தொகையும் மாதம் ஒரு வருமானமும்தான். நீண்டகாலக் குத்தகையை நம் பக்கத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பெரிய அட்வான்ஸ், பதினைந்து இருபது வருஷம், பதிவு செய்த குத்தகைப் பத்திரம். குத்தகைதாரர் உரிமையாளரின் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 108 சொல்கிறது. அதற்கு மேல் தூண், முகப்பு, பலகைக் கதவு என்று ஒவ்வொன்றாக நீங்கள் நிபந்தனை எழுதலாம். கிரயத்தில் செல்லாத நிபந்தனை குத்தகையில் செல்லும். இதை உரக்கச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நானே முப்பது வருஷம் இதை யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

விற்றே ஆக வேண்டும் என்றால், தரகரிடம் சொல்லும் வார்த்தையை மாற்றுங்கள். “இத்தனை சென்ட் மனை, மேலே பழைய கட்டடம், இடித்துக்கொள்ளலாம்” என்றுதான் இன்று சொல்கிறார்கள். விற்பவரே சொல்லிவிட்ட பிறகு வாங்குபவர் எதற்குத் தயங்குவார்? தூணை எண்ணிச் சொல்லுங்கள். சுவர் இரண்டடி கனம் என்று சொல்லுங்கள். ஒரு என்ஜினீயரைக் கூப்பிட்டு உத்திரம் எது நல்லது, எது கரையான் தின்றது என்று பார்த்து ஒரு தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். “பழசு, எப்போது விழுமோ” என்ற ஒரு பேச்சில்தான் பாதி விலையை அடிக்கிறார்கள். கையில் தாள் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பெயர்த்த கதவும் தூணும் அங்கே என்ன விலைக்குப் போகின்றன என்று விசாரியுங்கள். உங்கள் தூணை விறகு விலைக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தது அப்போது தெரியும். அந்தத் தூண் அங்கே ஒற்றையாய்ச் சாய்ந்து நிற்பதைப் பார்க்கவும் மனசு கேட்காது. எட்டும் சேர்ந்து ஒரு தெருவுக்கு நிழல் கொடுத்தவை.

புதுச்சேரி நமக்கு அடுத்த வீடு மாதிரி. அங்கே வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் திண்ணையையும் முகப்பையும், உரிமையாளர்களைச் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியோடு வரிசையாகச் சீர்செய்தார்கள். அவை கடைகள் அல்ல, வீடுகள்தாம். ஆனாலும் ஒரு முகப்பு தனியாக நின்றால் பழைய வீடு, பத்து முகப்பு சேர்ந்து நின்றால் பார்க்க வருகிற வீதி என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். விருத்தாசலத்தில் விருத்தகிரீசுவரர் கோயிலுக்கு வருகிற கூட்டம் கடைவீதியில் ஐந்து நிமிஷம் கூட நிற்பதில்லை. நிற்க வைக்க அங்கே என்ன மிச்சம் வைத்திருக்கிறோம்?

வணிகர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பேரூராட்சியும் நகராட்சியும் தீர்மானம் போடட்டும், அது அவர்கள் வேலை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட யார் அனுமதியும் வேண்டாம். கடைவீதியில் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம். கட்டிய வருஷம், கட்டிய கொத்தனார் ஊர், தூண் எத்தனை, ஓடு எந்தச் சூளை முத்திரை, மூன்று படம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான் இருக்கிறது. என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டால் அளவெடுத்து வரைந்து கொடுப்பார்கள். சென்னையில் ஒரு கட்டடத்துக்குப் பட்டியல் கைகொடுத்தது என்று சொன்னேனே, அது இப்படி ஒரு தாளில்தான் தொடங்கியிருக்கும்.

“உனக்கென்னப்பா, வட்டி கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்” என்று உங்களில் யாராவது நினைத்தால் அது நியாயம். உங்கள் கஷ்டத்துக்கு என்னிடம் பணம் இல்லை. பாகம் கேட்டு நிற்கும் நான்கு பிள்ளைகளில் இரண்டு பேர் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு, “சீக்கிரம் முடிங்கண்ணா” என்று போன் போடும்போது எட்டுத் தூணைப் பற்றிப் பேசுவது எவ்வளவு சிரமம் என்று அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து பார்த்தவன் நான். விற்காதீர்கள் என்று கேட்கவில்லை. அவசரத்தில் விற்காதீர்கள், மனையாக மட்டும் விற்காதீர்கள் என்று கேட்கிறேன்.

அச்சாரம் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லி அனுப்புங்கள். காசு வேண்டாம். அளவு நாடாவும் என் பேத்தியின் கேமராவும் எடுத்துக்கொண்டு வருகிறோம். அவள் படம் எடுக்கட்டும், நான் சொத்து விவரம் எழுதித் தருகிறேன். இந்தத் தடவை தூணிலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பழைய பத்திர எழுத்தர்
சேத்தியாத்தோப்பு